ஐந்து இருபத்தொன்பது அறுபது

சங்குமுனைத் துறைமுகத்தில் கடிகார அறை என்று ஒன்று இருந்தது, அதில் சுவரில் மாட்டுகிற கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற ஒரு கறுப்புப் பெட்டிதான் இருந்தது, அது செயற்கைக்கோளிடம் நேரத்தைக் கேட்டுச் சொல்லும், அதைத் துறைமுகத்துக் கம்ப்யூட்டர்களும் கிரேன்களும் கேட்டுக்கொள்ளும், அங்கிருந்து கம்பி இழுத்துக்கொண்ட பஸ் ஸ்டாண்டு கடிகாரமும் மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் பலகையும் பள்ளிக்கூட பெல்லும் கேட்டுக்கொள்ளும், ஆக அந்தப் பெட்டி என்ன சொல்கிறதோ அதுதான் ஊருக்கு மணி.

அந்த அறையில் அதிகாலை ஷிப்டில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பெர்னதெத் எஞ்சினியர், நாற்பத்து நாலு வயது, அப்பா இறந்தபிறகு பீச் ரோட்டு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். தளவாய் டெக்னீஷியன், அவளைவிட ஆறேழு வயது சிறியவன், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன், துறைமுகக் குவார்ட்டர்ஸில் ஓர் ஒற்றை அறையில் இருந்தான். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அவர்கள் பேசிக்கொண்டது கேபிளையும் ஏ.சி.யையும் பற்றித்தான், அது போக தினமும் ஐந்தரை மணிக்கு அவன் கேன்டீனிலிருந்து இரண்டு கிளாஸ் டீ கொண்டுவருவான், அவள் தேங்க்ஸ் என்பாள், அவன் பரவாயில்லை மேடம் என்பான்.

பூமி சுற்றுவது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவருகிறது என்பதால், நேரம் பார்க்கிறவர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை உலகத்து மணியில் ஒரு விநாடியைக் கூட்டிச் சேர்ப்பார்கள், அது இங்கிலாந்தில் நள்ளிரவு, சங்குமுனையில் காலை ஐந்தரை. ஐந்து இருபத்தொன்பது ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு ஐந்தரை வராமல் ஐந்து இருபத்தொன்பது அறுபது என்று ஒரு விநாடி வரும், வந்துவிட்டுப் போகும். அப்படி ஒன்று வரப்போகிறது என்று கம்ப்யூட்டர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க, கடிகாரப் பெட்டிக்குள் ஓர் எச்சரிக்கைக் கொடி ஏறும், விநாடி கடந்ததும் கொடி இறங்கிவிடும்.

அந்த வருஷம் ஜூலை ஒன்றாம் தேதி அப்படி ஒரு விநாடி வந்தது. பெர்னதெத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எண் அறுபதைத் தொட்டதும் கதவு திறந்து தளவாய் டீயோடு உள்ளே வந்து, மேடம் உங்ககிட்ட, என்று ஆரம்பித்தது கேட்டது, எண் ஐந்தரைக்கு மாறியது, அவள் திரும்பிப் பார்த்தபோது அறையில் டீ வாசனை மட்டும் இருந்தது. எதையோ மறந்து திரும்பிப் போயிருப்பான் என்று நினைத்தாள். ஷிப்டு முடிகிறவரை அவன் வரவில்லை, உடம்புக்கு முடியாமல் அறைக்குப் போய்விட்டான் போல என்று நினைத்துக்கொண்டு அவளும் வீட்டுக்குப் போனாள். அவனுடைய சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றது. அன்றைக்கு முழுக்க அவனைத் தேடி ஒருவரும் வரவில்லை, ஒரு போன்கூட வரவில்லை, தானும் தேடவில்லை என்பது பெர்னதெத்துக்குப் பின்னால் பல நாள் தொண்டையில் முள்ளாக நின்றது.

மறுநாள் காலை எண் மறுபடியும் அறுபதைத் தொட்டது. கொடி இறங்கியிருக்கவில்லை. தளவாய் முதல் நாள் விட்ட அதே இடத்தில், அதே நீலச் சட்டையில், இரண்டு கையிலும் ஆவி பறக்கிற டீயோடு நின்று, ஒண்ணு கேக்கணும்னு, என்று சொன்னான். ஐந்தரையானது. அவன் இல்லை. மூன்றாம் நாள், ரொம்ப நாளா, என்றான். நான்காம் நாள், நெனச்சிட்டு, என்பதோடு அவன் வாய் நின்றுவிட்டது, ஏனென்றால் பெர்னதெத் ஒவ்வொரு நாளும் வேறு சேலையில் இருந்தாள், அவனுக்கோ அது நான்கு விநாடிக்குள் நான்கு சேலை.

ஐந்தாம் நாள் காலை சுமை ஏற்றுகிறவர்கள் நான்கு பேர் வந்து, அவன் தோன்றியதும் ஆளுக்கொரு பக்கம் தோளையும் இடுப்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தரைக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவனை இழுக்க ஒருவரும் முயலவில்லை. பெட்டியின் பொத்தான் ஒன்றை அமுக்கினால் கொடி இறங்கிவிடும் என்பது பெர்னதெத்துக்குத் தெரியும், இறங்கினால் அந்த விநாடி இனி வராது, வராவிட்டால் உள்ளே இருக்கிறவன் உள்ளேயே இருந்துவிடுவான் என்பதும் தெரியும். அவள் அந்தப் பொத்தானின்மேல் செல்லோடேப்பை ஒட்டிவைத்தாள்.

செய்தி கேன்டீனிலிருந்து மீன் ஏலக்கூடத்துக்கும் அங்கிருந்து ஊருக்கும் போனது. முதலில் பார்க்க வந்தார்கள், பிறகு வருவது வழக்கமாகிப்போனது. காவலாளிகள் ஒரு நாளைக்கு இருபது பேர் என்று டோக்கன் போட்டார்கள், அதில் கர்ப்பிணிகளுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் தனி வரிசை இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் ஐந்தரை தாண்டித்தான் படகை அவிழ்த்தார்கள். பங்குச் சாமியார் காலைப் பூசையைக் கால் மணி நேரம் தள்ளிவைத்தார். துறைமுக அலுவலகத்தில் அவன் வேலைக்கு வந்தவனா லீவில் இருப்பவனா என்று ஒரு வாரம் கடிதம் எழுதிக்கொண்டார்கள், தினமும் சீருடையோடு ஷிப்டு நேரத்தில் அறையில் காணப்படுவதால் வந்தவன்தான் என்று முடிவாயிற்று. இத்தனை வருஷத்தில் தளவாயின் பெயர் தெரிந்திருந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம், இப்போது பால்காரர் வீட்டுக் குழந்தைகூட அந்தப் பெயரைச் சொன்னது, ஆனால் அவன் எந்த ஊர், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டபோது, சொல்வதற்கு யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அலுவலகக் கோப்பில் உறவினர் பெயர் எழுதுகிற இடத்தில் அவன் ஒரு கோடு போட்டிருந்தான்.

அவன் பேசவேயில்லை. ஒவ்வொரு விநாடிக்கும் அறையில் புதுப்புது முகங்கள் முளைப்பதைப் பார்த்துப் பார்த்து அவன் கண் அகன்றது, இரண்டு வாரம் அகன்றபடியே இருந்தது. அவனிடம் யாராவது விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று பெர்னதெத் சொன்னாள். வாயால் சொன்னால் அவனுக்கு இருபது பேர் பேச்சாகக் கேட்கும் என்பதால், போர்டு எழுதுகிற மைதீனைக் கூட்டிவந்தார்கள், அவர் கடைப்பலகைகள் எழுதியே தலை நரைத்தவர், ஒரு விநாடியில் மனுஷன் நான்கு வார்த்தைக்கு மேல் படிக்க மாட்டான், அதுவும் பஸ்ஸில் போகிறவனுக்கு எழுதுகிற மாதிரி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதினார். முதல் பலகையில் என்ன எழுதுவது என்று ஊர் மூன்று நாள் பேசியது. கடைசியில் மைதீன் யாரையும் கேட்காமல், பயப்படாதே தளவாய், நாங்க இருக்கோம், என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார். அடுத்த பலகை, நீ ஒரு விநாடிக்குள்ளே இருக்கே. அதற்கடுத்தது, எங்களுக்கு ஒரு நாள். அதற்கடுத்தது, உனக்கு ஒரு விநாடி.

அவன் நான்கையும் படித்தான். ஒரு கிளாஸ் சாய்ந்து கொஞ்சம் டீ தரையில் சிந்தியது, அவன் மறைந்தபிறகும் டீ தரையில் கிடந்தது, பெர்னதெத் குனிந்து தொட்டாள், விரல் சுட்டது. ஜூலை ஒன்றாம் தேதி போட்ட டீ அது, அன்றைக்கு ஆகஸ்டு ஆறு.

சில நாள் கழித்து அவன் ஒரு கிளாஸை அவள் மேஜைமேல் வைத்தான். அவன் கையை விட்டதும் அது வெளியே தங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் வெளியே போனார்கள். பெர்னதெத் உட்கார்ந்து அதைக் குடித்தாள், சர்க்கரை அவளுக்கு எப்போதும் போடுகிற மாதிரி பாதி போட்டிருந்தது, அவள் அதை ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கணக்கு டீச்சர் சுயம்புக்கனி ஒரு யோசனை சொன்னார். அவன் ஒரு நாளைக்கு இரண்டு எட்டு நடந்தால், கடிகார அறையிலிருந்து குவார்ட்டர்ஸில் அவன் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், நாலரை வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான், வீட்டிலாவது இருப்பான். ஊருக்கு அது பிடித்திருந்தது. வழியில் எங்கெங்கே நிழல் வேண்டும், மழைக்காலத்தில் அவன் எந்த இடத்தில் இருப்பான், அந்த விநாடிக்கு லாரிகளை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் ஒரு வாரம் பேசினார்கள், ரோட்டில் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு விநாடி கூடிக்கொண்டே போனதால், சங்குமுனையின் மணி உலகத்து மணிக்குப் பின்னால் விழுந்துகொண்டே போனது. ஊருக்குள் எல்லாக் கடிகாரமும் சேர்ந்தே பின்தங்கியதால் ஊருக்குத் தெரியவில்லை, வெளியே போகிறவர்களுக்குத்தான் தெரிந்தது. திருநெல்வேலி ரயில் அவர்கள் பிளாட்பாரத்தில் ஏறும்போது கிளம்பிப் போனது. வெளிநாட்டிலிருந்து போன் செய்கிற புருஷன்மார், உனக்கு அங்கே என்ன மணி என்று இரண்டு தடவை கேட்டார்கள். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் வந்து சேர்வதற்கு முன்பே இறக்கப்பட்டதாகப் பதிவாகின. செப்டம்பரில், பின்தங்கல் எழுபது விநாடியைத் தாண்டியபோது, தலைமை அலுவலகத்திலிருந்து ரகோத்தமன் என்பவர் போன் செய்தார். பெர்னதெத் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், தான் நேரில் ஒருமுறை வருவதாகச் சொன்னார், வந்தார், டோக்கன் வாங்கி வரிசையில் நின்று பார்த்தார், பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் அக்டோபர் கடைசிவரை அவகாசம் கொடுத்தார். ஒரு கப்பல் இன்னொரு கப்பல்மேல் மோத இரண்டு நிமிஷம் போதும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றார்.

ஊர் கோபப்படவில்லை. சுண்ணாம்புக் கோட்டை மழை அழித்தது, திரும்பப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

அதை அவனிடம் சொல்ல வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி இருந்தது. சொல்லாமலிருந்தால் அவனுக்கு ஒரு வலியும் இல்லை என்று பாதிப்பேர் சொன்னார்கள். பெர்னதெத் பலகையை எழுதச் சொல்லி மைதீனிடம் போய் நின்றாள். இந்த மாசத்தோட விநாடி நிக்குது, என்று அவர் எழுதிக் கொடுத்தார், அதை அவளே தூக்கிப் பிடித்தாள். மறுநாள் அவன் அவளைப் பார்த்தான். அதற்கு மறுநாள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அதற்கு மறுநாள் தலையைக் குனிந்துகொண்டான். நான்காம் நாள் கையைக் கதவுப் பக்கம் காட்டினான். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா, வெளியே வர நினைக்கிறானா என்று ஊர் குழம்பியது. சுயம்புக்கனி டீச்சர்தான், அவன் கேட்க நினைத்ததை இத்தனை பேர் முன்னால் கேட்க மாட்டான், நாம் வெளியே போக வேண்டும் என்றார்.

மூன்றரை மாதம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த ஊர் அது. பஸ்ஸிலும் மீன்கூடத்திலும் அவர்கள் அதைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள், லீவு கேட்க வந்திருப்பான் என்று சிலர், கல்யாணம் என்று சிலர், மாற்றல் என்று சிலர். மறுநாள் காலை டோக்கன் கவுண்டரில் ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் துறைமுக வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றார்கள், ஐந்தரை ஆனதும் கலைந்து போனார்கள், அப்படியே கடைசிவரை.

பெர்னதெத் மட்டும் அறையில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றான் முதல் நாள்.

"நானே மீன்கொழம்பு."

"வச்சிருவேன் மேடம்."

"வீட்டுக்கு சாப்பிட."

"வாறியளா."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஐந்தரையாகிவிட்டது. அன்று முழுக்க அவள் அந்த அறையிலேயே இருந்தாள், ஷிப்டு முடிந்தும் போகவில்லை. மறுநாள் அவள் சொல்வதற்கு முன் அவனே மறுபடி பேசினான்.

"ஆறு வருசமா."

"என் வீட்டுக்கு இதுவரை."

"ஒருத்தரும் வந்ததில்ல."

அடுத்த நாள் அவன் பேசாமல் அவள் முகத்தையே பார்த்தான். ஒரு விநாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அவள் நிறைய யோசித்துவைத்திருந்தாள், மன்னிப்புக் கேட்பதும் அதில் இருந்தது, ஆனால் எண் அறுபதைத் தொட்டதும் அவள் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"வாரேன்."

வெள்ளிக்கிழமை அவன் முகத்தில் சிரிப்பு வந்துசேர்ந்தது, பாதிதான் வந்திருந்தது. சனிக்கிழமை, அது மீதியும் வந்திருந்தபோது, அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்த சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். ஐந்தரைக்கு அவள் கையில் சாவி இருந்தது, அவனுடைய உடம்புச் சூடு அதில் கொஞ்ச நேரம் இருந்தது.

அன்று பதினோரு மணிக்கு ரகோத்தமன் போன் செய்தார். நாளையிலிருந்து கூடுதல் விநாடி ஐந்து இருபத்தொன்பதுக்கு வரக் கூடாது என்று நினைவுபடுத்தினார். இனிமேல் எங்கேயும் அப்படிச் செருகப்போவதில்லை என்றும், பூமி எப்போதாவது ஒரு விநாடி கேட்டால் அதை ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கொடுப்பதுதான் இனி விதி என்றும், எண்பத்தாறாயிரத்து நானூறு விநாடிகளையும் ஆளுக்கு ஒரு மயிரிழை இழுத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் உறுத்தாது என்றும் சொன்னார். பெர்னதெத், கொடி இன்னும் ஏறியேதான் இருக்கிறது, இந்தக் கடைசி ஒன்றை நாளைக்கு அப்படிப் பரப்பிவிட்டு இறக்கட்டுமா என்று கேட்டாள்.

"ஞாயிறு கப்பல் கம்மிதான்," என்றார் அவர். "செய்யுங்க." போனை வைக்காமல் இருந்தார். "அவர் என்னம்மா கேட்டார்?"

"சாப்பிடக் கூப்பிட்டார் சார்."

சரிம்மா, என்று அவர் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து இருபத்தொன்பது ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக ஐந்தரை வந்தது. அறை காலியாக இருந்தது. அந்தக் கணத்திலிருந்து சங்குமுனையில் ஒவ்வொரு விநாடியும் யாருக்கும் தெரியாத அளவு நீளமாக ஓடத் தொடங்கியது, மாதா கோயில் மணி அடித்து ஓய்கிற இழுவையில், டீ ஆற்றுகிறவர் கைக்கும் கைக்கும் நடுவில், அலை வந்து திரும்புகிற இடத்தில் எல்லாம் அந்த மயிரிழை இருந்தது, ஊர்க்காரர்கள் ஒன்றும் உணரவில்லை, ஆனாலும் அன்றைக்கு யாரும் அவசரமாக நடக்கவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

பெர்னதெத் மீன்கூடத்துக்குப் போய் ஊளி மீன் வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள். நான்கு மாதம் பூட்டியிருந்த அறை அது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் மாட்டாமல் சுருட்டிவைத்த போன வருஷக் காலண்டர். சமையல் மேடையில் நசுங்கிய பழைய தட்டு ஒன்று இருந்தது, அதன் பக்கத்தில் புதுத் தட்டு ஒன்று, கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல். தரையைக் கூட்டித் துடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், தேங்காய் அரைக்க அம்மியோ மிக்ஸியோ இல்லாததால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள், அந்த வீட்டுப் பெண் அரைத்துக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம், இந்த வீட்டில் குழம்பு வாசனை வருவதே இன்றைக்குத்தான் என்று சொன்னாள், சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மணிக்கு இரண்டு தட்டிலும் சோறு போட்டாள். ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டுப் புதுத் தட்டில் தனக்கு எடுத்துக்கொண்டாள், விருந்தாளிக்கு வாங்கியது என்பதால். எதிரே வைத்த பழைய தட்டில் நடுக்கண்டம் மீன் ஒன்றை வைத்தாள். சாப்பிடும்போது பேச வேண்டும் என்று தோன்றி, ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது என்று சொன்னாள், பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள், அப்பாவுக்குக் கடைசி வருஷத்தில் நேரமே தெரியாமல் போனது, விடிந்ததா விடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார் என்று சொன்னாள், இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்த் தட்டு அப்படியே இருந்தது. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் குறைந்ததும் தன் தட்டைக் கழுவி, அவன் தட்டின்மேல் கவிழ்த்து மூடிவைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை கடிகார அறையில் அவள் செல்லோடேப்பைப் பிரித்துப் பொத்தானை அமுக்கினாள். கொடி இறங்கியது. ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் இரண்டு நிமிஷத்தைத் தாண்டிக் குதித்து உலகத்தோடு சேர்ந்துகொண்டன. வாசலுக்கு வெளியே பழக்கத்தில் வந்து நின்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், மைதீனும் நின்றார், பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

ஷிப்டு முடிந்து அவள் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். மூடிவைத்த தட்டு அப்படியே இருந்தது. மேல் தட்டைத் தூக்கினாள். சோற்றின் ஓரத்தில், குழம்பு ஊறிய இடத்தில், ஐந்து விரல் கூட்டி அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது, மீனில் ஒரு விள்ளல் குறைந்திருந்தது, தட்டின் விளிம்பில் ஒரே ஒரு முள் எடுத்து வைத்திருந்தது. ஒரு விநாடிக்கு அவ்வளவுதான் முடியும், ஒரு வாய்.

பெர்னதெத் அந்தத் தட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முள்ளை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மீதிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.